எருமை மந்தமா, எஜமானர் மந்தமா?

"எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல" என்பது பழமொழி. எத்தனை சொன்னாலும் உறைக்காதவனுக்காக ஏற்பட்டது. எமனுக்கு வாகனம் எருமை. கணக்கு வராத பையனுக்கு வாத்தியார் சூட்டும் பட்டமும் எருமைதான். இப்படி நாலு பக்கமும் வசவு வாங்கும் இந்தப் பிராணிதான் இந்தியாவில் கறக்கும் பாலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் தருகிறது. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு அளவில் இருக்க, எருமைப் பாலில் ஏழு, எட்டுப் பங்கு இருக்கிறது. கத்தியால் வெட்டி எடுக்கலாம் போன்ற கெட்டித் தயிரும், மணம் வீசும் நெய்யும் அதன் உபயம். உலகத்து எருமைகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கின்றன.

ஆனால் தமிழ்நாட்டில் எருமைகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்போது இங்கே சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் எருமைகள் இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை சுமார் 5 லட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. ஏழே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. அதே காலத்தில் நாடு முழுவதிலும் எருமைகளின் எண்ணிக்கை சற்றே கூடி, 10 கோடியே 98 லட்சத்தை எட்டியது.

எருமையை விற்றுவிட்டவரைக் கேட்டால் காரணம் தயாராக இருக்கும். "லேசில் சினை பிடிக்காது; கன்று தங்காது; கோடையில் வறண்டு நிற்கும்; தீனிக்குக் கட்டாது" என்பார். நாலும் மெய்தான். ஆனால் இவை எருமையின் பிறவிக் குணங்களா, வளர்ப்பவரின் கவனக் குறைவா? இந்தக் கேள்விக்குக் கால்நடை விஞ்ஞானம் தரும் விடை எஜமானர்களுக்கு அவ்வளவு பெருமை சேர்ப்பதல்ல.

நழுவிப் போகும் நாட்கள்

பசு கன்றைச் சுமப்பது சுமார் 280 நாட்கள். எருமை சுமப்பது சுமார் 310 நாட்கள். இந்த ஒரு மாத வித்தியாசம் இயற்கை வகுத்தது. அதை மாற்ற முடியாது. ஆனால் ஒரு கன்று போட்ட பிறகு மறுபடி சினையாகும் வரை கழிகிற நாட்கள் மனிதன் கையில் இருக்கின்றன. லாப நஷ்டமெல்லாம் அங்கேதான்.

நல்ல பராமரிப்பில் ஓர் எருமை பதின்மூன்றரை மாதத்துக்கு ஒரு கன்று போடலாம். நடைமுறையில் பதினைந்து மாதமாகிறது; பல வீடுகளில் பதினெட்டு மாதமும் ஆகிவிடுகிறது. நாலு வயதில் முதல் கன்று போட்டு, பதின்மூன்று வயது வரை தொழுவத்தில் நிற்கும் ஓர் எருமையை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு மாதத்துக்கு ஒரு கன்று என்றால் அது ஆயுளில் போடுவது ஏழு கன்றுகள். பதின்மூன்றரை மாதத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது கன்றுகள். தொழுவம் அதேதான், எருமையும் அதேதான். இரண்டு கன்றுகளும் இரண்டு ஈற்றுப் பாலும் கூடுதலாகக் கிடைக்கின்றன.

முதல் கன்று நாலு வயது வரை தள்ளிப்போவதும் ஒரு நஷ்டமே. கிடேரிக்கு வயதைவிட எடையே முக்கியம். சுமார் 300 கிலோ எடை வந்துவிட்டால் அது சினைக்குத் தயார். கன்றுப் பருவத்திலிருந்தே பசுந்தீவனமும் தாது உப்பும் கிடைத்தால் இரண்டு, இரண்டரை வயதில் அந்த எடை வந்துவிடும். "கறக்காத உருப்படிக்குத் தீனி எதற்கு?" என்று அரைப் பட்டினி போட்டால் அதே கிடேரி இன்னும் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ சும்மா நிற்கும். அன்றாடம் மிச்சம் பிடித்த தவிடு, ஓர் ஆண்டுக் கறவையாகக் கைவிட்டுப் போகிறது.

ராத்திரியில் வரும் பருவம்

எருமை லேசில் சினை பிடிக்காது என்பதைச் சற்று விசாரிக்க வேண்டும். பசு பருவத்துக்கு வந்தால் ஊரே அறியும். கத்தும், கயிற்றை இழுக்கும், மற்ற மாடுகள் மேல் தாவும். எருமை அப்படியல்ல. பருவ காலத்தில் அது பெரும்பாலும் அமைதியாகவே நிற்கும். கால்நடை மருத்துவர்கள் இதை "ஊமைப் பருவம்" என்கிறார்கள். அதுவும் வருவது பெரும்பாலும் ராத்திரியில் அல்லது விடியற்காலையில். வீட்டுக்காரர் தூங்குகிற நேரத்தில் பருவம் வந்து போய்விடுகிறது.

இந்தப் பருவம் இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை வரும். ஒரு நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்துவிட்டு மறையும். கன்று போட்ட எருமையின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். ஆகவே இரண்டு மாதம் கழித்துச் சினைக்கு விடலாம். பதின்மூன்றரை மாதக் கணக்கு நிலைக்க வேண்டுமானால் கன்று போட்ட நூறு நாளுக்குள் சினை பிடித்தாக வேண்டும். அறுபதாம் நாளுக்கும் நூறாம் நாளுக்கும் நடுவே வருவது சுமார் இரண்டே பருவங்கள். இரண்டையும் கோட்டை விட்டால் கணக்கு சாய்ந்துவிடும். அதன்பின் தவறும் ஒவ்வொரு பருவமும் இருபத்தொரு நாள் தீனிச் செலவு.

ஊமைக்கும் சைகை உண்டு. அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பருவம் வந்த எருமை அடிக்கடி சிறுநீர் விடும். வாலைச் சற்றுத் தூக்கியபடி நிற்கும். பிறப்புறுப்பு லேசாகத் தடித்திருக்கும். கண்ணாடி போன்ற வழும்பு சிறிதளவு கசியும்; எருமை படுத்திருக்கும்போதுதான் அது தென்படும். தீனியில் நாட்டம் குறையும். அன்றைய பாலும் குறையலாம். இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறையும், விடியுமுன் ஒரு முறையும் விளக்கை எடுத்துக்கொண்டு தொழுவத்தைச் சுற்றி வந்தால் போதும். இதற்குக் காசு செலவில்லை. காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது முறை. எருமையில் பருவம் அடங்கிய பிறகே கருமுட்டை வெளிப்படுகிறது என்பதே இந்தத் தாமதத்துக்குக் காரணம்.

ஊசி போட்டாயிற்று என்று இருந்துவிடுவதும் தவறு. இருபத்தொராம் நாளை ஒட்டி மறுபடி கவனிக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதத்தில் மருத்துவரைக் கொண்டு சினை பார்க்க வேண்டும். சினை என்று நம்பி ஆறு மாதம் தீனி போட்டு, கடைசியில் வெறும் வயிறு என்று அறிந்து தலையில் கை வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். "எருமை வாங்குமுன் நெய் விலை பேசாதே" என்றார்கள் பெரியோர். சினை பார்க்குமுன் கன்று விலை பேசுவதும் அப்படித்தான்.

மழைக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும்

பழமொழி சொன்னது ஒரு விதத்தில் சரி. மழையை எருமை பொருட்படுத்துவதில்லை. ஆனால் வெயில் அதன் பரம விரோதி. கறுத்த தோல் உஷ்ணத்தை உறிஞ்சுகிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்றும் வியர்வைச் சுரப்பிகளோ மாட்டைவிட எருமைக்கு மிகக் குறைவு. ஆகையால் எருமை சேற்றிலும் குட்டையிலும் கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்பது அறியாமை. வியர்க்க முடியாத உடம்பு தண்ணீரைத் தேடுகிறது.

வெயிலில் வாடும் எருமை தின்பது குறையும். பருவம் மேலும் ஊமையாகும். தங்கிய கருவும் சில வேளை கலைந்துவிடும். இதோடு பகல் பொழுதின் நீளமும் சேர்கிறது. பகல் சுருங்கி இரவு நீளும் காலத்தில்தான் எருமையின் இனப்பெருக்க உறுப்புகள் சுறுசுறுப்படைகின்றன. வட இந்தியாவில் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை எருமைகள் அதிகமாகச் சினையாகின்றன. கன்றுகள் பெரும்பாலும் ஜூலை முதல் டிசம்பருக்குள் பிறக்கின்றன. அதனால் குளிர்காலத்தில் பால் வெள்ளமாய் வரும், கோடையில் வற்றிப்போகும்.

இயற்கையின் இந்தப் போக்கை மனிதன் ஓரளவு வளைக்க முடியும் என்பதற்கு இத்தாலி தேசம் சாட்சி. அங்கே எருமைப் பாலிலிருந்து மொஸரெல்லா என்னும் பாற்கட்டி செய்கிறார்கள். அது மிகுதியாக விற்பது கோடையில். ஆனால் அந்த ஊர் எருமைகளும் பகல் சுருங்கும் காலத்தில்தான் சினையாகின்றன. ஆகவே பண்ணைக்காரர்கள் இலையுதிர் காலத்தில் கடாக்களை மந்தையிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். பல மாதம் கழித்து மீண்டும் சேர்க்கிறார்கள். கன்று ஈனும் காலம் தள்ளிப்போய், சந்தைக்குப் பால் வேண்டிய வேளையில் பால் கிடைக்கிறது.

நம் ஊர்க் கோடைக்கு வேண்டியவை இன்னும் எளியவை. தென்னங்கீற்றுப் பந்தலோ மர நிழலோ போதும். உச்சி வெயில் வேளையில் இரண்டு, மூன்று முறை உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குட்டை இருந்தால் மிகவும் நல்லது. குடிக்க எந்நேரமும் குளிர்ந்த நீர் இருக்க வேண்டும். தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைக்க வேண்டும். ஏரியும் குளமும் தூர்ந்த ஊரில் எருமையும் நிலைப்பதில்லை. தமிழ்நாட்டில் எருமை தேய்ந்ததில் கலப்பினப் பசுவுக்குப் பங்கு உண்டு. மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் சுருங்கியதற்கும் பங்கு உண்டு.

கன்று போனால் கறவையும் போகும்

எருமைக் கன்றுகள், முக்கியமாக ஆண் கன்றுகள், முதல் சில மாதங்களில் ஏராளமாக மடிகின்றன. கன்று குடிக்கும் பால் நஷ்டம் என்ற கணக்கே இதற்கு மூல காரணம். இந்தக் கணக்கு தப்பானது. எருமையின் மடியில் உடனே கறக்கக் கூடியதாகக் காம்புக்கு மேல் வந்து நிற்கும் பால் மிகச் சிறு பங்குதான். மற்றதெல்லாம் மடியின் உள்ளே நுண்ணிய அறைகளில் தங்கியிருக்கும். கன்றின் ஸ்பரிசமோ பழகிய கையோ பட்டு, மனம் இளகினால்தான் அது இறங்கும். கன்றை இழந்த எருமை பாலை அடக்கிக்கொள்வது பிடிவாதத்தால் அல்ல. பிறகு ஆக்ஸிடோசின் ஊசியைத் தேடி ஓடுவது தகாத வழி, சட்டத்துக்கும் விரோதம்.

கன்றைக் காப்பது பெரிய வித்தை அல்ல. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயை எதிர்க்கும் சக்தி தாயின் ரத்தம் வழியாகக் கன்றுக்கு வருவதில்லை; சீம்பால் வழியாகத்தான் வருகிறது. கன்றின் குடல் அதை முழுமையாக ஏற்பது முதல் சில மணி நேரங்களில்தான். நாளொன்றுக்குக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது அளவு. முப்பது கிலோக் கன்றுக்கு மூன்று லிட்டர்.

இன்னொரு சத்துரு உருண்டைப் புழு. இது தாயின் பால் வழியாகவே கன்றின் வயிற்றில் புகுந்துவிடும். ஆகையால் பிறந்த பத்து முதல் பதினாலு நாளுக்குள் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். அற்பச் செலவான இந்த மருந்தைக் கொடுக்காததால் மடிந்த கன்றுகளில் எத்தனை நல்ல கறவைகள் இருந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

பட்டணம் விழுங்கிய பரம்பரை

நல்ல எருமை என்றவுடன் நினைவுக்கு வருவது முர்ரா. மை போன்ற கறுப்பு. இறுகச் சுருண்ட கொம்பு. அதன் தாயகம் ரோத்தக், ஹிசார், ஜீந்த் முதலிய அரியானாப் பகுதிகள். நல்ல முர்ரா ஓர் ஈற்றில் 1,500 முதல் 2,000 லிட்டர் வரை கறக்கும். 1962இல் பல்கேரியா இந்தியாவிலிருந்து முர்ரா எருமைகளைத் தருவித்து, தன் நாட்டு எருமை இனத்தையே திருத்திக்கொண்டது.

ஆனால் நம் நாட்டிலோ சிறந்த எருமைகள் நெடுங்காலம் ஒரு விபரீத வழியில் அழிந்தன. பம்பாய், கல்கத்தா போன்ற பட்டணங்களின் பால் தேவைக்காகக் கிராமங்களில் கன்று போட்ட உயர்ந்த கறவைகளைப் பொறுக்கி எடுத்து ரயிலேற்றினார்கள். பட்டணத்துத் தொழுவங்களில் கன்று சில நாட்களில் மடியும். எருமை வற்றும் வரை கறக்கும். வற்றியதும் கசாப்புக்குப் போகும். பட்டணத்தில் வற்றிய எருமைக்குத் தீனி போடுவதைவிடப் புது எருமை வாங்குவது மலிவு. ஊரின் முதல்தரமான உருப்படிகள் வம்சம் வைக்காமல் போக, கழித்துக் கட்டியவையே கிராமத்தில் தங்கி இனம் பெருக்கின. 1949இல் பம்பாய் நகரத்துத் தொழுவங்களிலிருந்த எருமைகளைக் குடியேற்ற ஆரே பால் காலனி ஏற்பட்டது.

குஜராத்தின் கெய்ரா ஜில்லா வேறொரு வழி கண்டது. அங்கே 1946இல் தோன்றிய கூட்டுறவு ஸ்தாபனம் பட்டணத்துக்கு எருமையை அனுப்பவில்லை, பாலை அனுப்பியது. எருமையும் கன்றும் விவசாயி வீட்டிலேயே இருந்தன. குளிர்காலத்தில் வழியும் பாலை என்ன செய்வது என்ற பிரச்னை எழுந்தது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். எச்.எம். தலாயா என்ற இந்திய நிபுணர் அதைச் செய்து காட்டினார். 1955இல் ஆனந்தில் எருமைப் பாலிலிருந்து பொடி தயாரிக்கும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பருவம் பார்த்துக் கறக்கும் பிராணிக்கு ஆண்டு முழுவதும் சந்தை கிடைத்தது.

கடாவுக்குப் பரீட்சை

கன்றின் குணத்தில் பாதி தாயுடையது, பாதி கடாவுடையது. ஓர் எருமை ஆயுளில் ஏழெட்டுக் கன்று போடும். ஒரு கடாவுக்கோ ஆயிரக்கணக்கில் கன்றுகள் பிறக்கக் கூடும். ஆகவே இனத்தைத் திருத்த விரும்புகிறவர் முதலில் கடாவைப் பார்க்க வேண்டும். ஊரில் மேயும் ஏதோ ஒரு கடாவை நம்பினால் அது சில ஆண்டுகளில் தன் பெண் கன்றுகளோடேயே சேரும். குறைகள் குவியும், பால் குறையும்.

செயற்கை முறைக் கருவூட்டலில் இந்தியாவில் பிறந்த முதல் எருமைக் கன்று 1943இல் அலகாபாத் விவசாயக் கல்லூரியில் கண் திறந்தது. இன்று பொலிகடாவின் விந்தைச் சிறு குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் பல ஆண்டுகள் காக்கிறார்கள்.

ஆனால் கடா பால் கறப்பதில்லையே! அதன் தரத்தை எப்படி அறிவது? பல ஊர்களில், பல வீடுகளில் அதன் பெண் கன்றுகள் வளர்ந்து கறக்கும் பாலை அளந்து பார்ப்பதே வழி. கன்று பிறக்கப் பத்து மாதம். அது வளர்ந்து முதல் கன்று போட மூன்றரை, நாலு ஆண்டு. ஓர் ஈற்றுப் பாலை அளக்க இன்னொரு பத்து மாதம். ஒரு கடாவின் தீர்ப்பு வெளியாக ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. இத்தனை பொறுமைக்குப் பின் தேறிய கடாவின் உறைவிந்து விவசாயியின் வாசலுக்கு வருகிறது. அதைப் பருவம் தவறிய வேளையில் போட்டால் அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு நிமிஷத்தில் வீண்.

அரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1990இல் சோதனைக் குழாய் முறையில் 'பிரதம்' என்ற எருமைக் கன்று அங்கே பிறந்தது. 2009இல் குளோனிங் முறையில் பிறந்த முதல் கன்று சில நாட்களில் இறந்தது. அதே ஆண்டில் 'கரிமா' பிறந்தது. 2010இல் 'இரண்டாம் கரிமா' பிறந்து வளர்ந்து, 2013இல் தானே ஒரு கன்றை ஈன்றது. சிறந்த கடாக்களை நகலெடுக்கவும் இதே வழி உதவுகிறது. இவை பெருமைப்பட வேண்டிய சாதனைகள். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்துக் கன்றும் கிராமத்துத் தொழுவத்துக்கு வந்தால் அதற்கும் நிழல் வேண்டும், சீம்பால் வேண்டும், அதன் பருவத்தைக் கவனிக்க ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

செய்யக் கூடியது என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு வழி இல்லாமலில்லை. சென்னைக்கு அருகே அலமாதியில் மத்திய அரசின் பண்ணை முர்ரா இனத்தை வளர்த்துப் பரப்பி வருகிறது. நாட்டு எருமைக்கு முர்ராவின் விந்தைப் போட்டால் முதல் தலைமுறையில் பாதி முர்ரா, அடுத்ததில் முக்கால், அதற்கடுத்ததில் எட்டில் ஏழு பங்கு. நாலாயிரம் மைல் கடந்து ஒன்றும் வர வேண்டியதில்லை. ஒரு குடும்பம் இருபது ஆண்டு நிதானமாக இருந்தால் தன் தொழுவத்தின் ரத்தத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா எருமைக்கும் இது பொருந்தாது. நீலகிரியின் தோடா எருமையும், ஈரோடு மாவட்ட மலைகளின் பர்கூர் எருமையும் அந்தந்த மலைக்கென்றே அமைந்த தனி இனங்கள். குளிரிலும் காட்டு மேய்ச்சலிலும் அவை தாக்குப் பிடிப்பது போல் முர்ரா பிடிக்காது. அவற்றைக் கலப்பில்லாமல் காப்பாற்றுவதே அறிவுடைமை. ஒரு முறை கரைந்துபோன இனத்தை எந்தக் குச்சியாலும் மீட்க முடியாது.

மற்றபடி வேண்டியவை சொற்பம். ஒவ்வோர் எருமைக்கும் ஒரு குறிப்பு நோட்டு. அதில் கன்று போட்ட தேதி, பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி, சினை பார்த்த தேதி. நாள்தோறும் ஐம்பது கிராம் தாது உப்புக் கலவை. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன் கறவையை நிறுத்தி, தீனியைச் சற்றுக் கூட்டுதல். இரவில் ஒரு முறை, விடியலில் ஒரு முறை தொழுவத்தில் விளக்கு. சொஸைட்டியில் கொழுப்பைப் பார்த்துப் பாலுக்கு விலை போடும்போது, முதலில் லாபம் அடைய வேண்டியவர் எருமை வளர்ப்பவரே.

எருமை தன் தேவைகளை உரக்கச் சொல்லாத பிராணி. வெயில் சுட்டால் நகர்ந்து நிற்கும். பருவம் வந்தால் வாலைத் தூக்கி நிற்கும். கன்று போனால் பாலை அடக்கும். அது சொல்வதைக் கேட்கத் தெரிந்த வீட்டில் பானை நிறைந்திருக்கும். கேட்காத வீட்டில் கட்டுத்தறி ஒருநாள் காலியாகும். தமிழ்நாட்டில் காலியான கட்டுத்தறிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.